மலைச்சரிவில் நிலைத்த வேர்கள்

சபரகமுவ மண்ணின் சரித்திரம்: 9ஆம் அத்தியாயம்

கோப்பி இலையைத் தின்ற துருநோய் 1869இல் மடுல்சீமையில் தென்பட்டதும், அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்து, அவை விட்டுச்சென்ற சரிவுகளைத் தேயிலையும் இறப்பரும் பற்றிக்கொண்டதுமாகிய வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அப்போது ஒத்திவைத்த ஒரு கேள்வியை இப்போது எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டொன்றுக்குச் சற்றேறக்குறைய 150 அங்குல மழை பெய்கின்ற இரத்தினபுரியிலும், அதற்கு இளைக்காத மழைவளம் வாய்ந்த எட்டியாந்தோட்டை, தெரணியகலை மலைகளிலும், மனிதனுடைய ஜீவனத்துக்கு இன்றியமையாத தானியத்தை, மண்ணை இழந்துவிடாமல் விளைவிப்பதற்கு ஏதேனும் மார்க்கம் உண்டா என்பதே அக்கேள்வி.

நெல், குரக்கன், சோளம், கோதுமை முதலாக உலகத்து ஜனங்கள் உண்டு வாழும் பிரதான தானியங்கள் யாவும் ஓராண்டுப் பயிர்களாகவே பயிரிடப்படுகின்றன. ஒவ்வொரு போகத்துக்கும் நிலத்தைக் கொத்தி, உழுது, பழைய வேரைப் பிடுங்கி எறிந்து, மண்ணை வெறுமையாக்கியே விதைக்க வேண்டியிருக்கிறது. சமவெளியில் இதனால் விளையும் தீங்கு ஒரு தலைமுறை கடந்தே கண்ணுக்குப் புலப்படும். செங்குத்தான சரிவிலோ, தென்மேற்குப் பருவமழையின் முதல் சில நாட்களிலேயே கலங்கிச் சிவந்தோடும் ஓடை அதனை அறிவித்துவிடும்.

பழைய கிராமத்தார் இதனை அறியாதவர்களல்லர். காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலில் மலைநெல்லையும் குரக்கனையும் ஓரிரு போகம் விதைத்தெடுத்த பின், அடிக்கட்டைகளிலிருந்தும் சுற்றியுள்ள காட்டிலிருந்தும் மரஞ்செடிகள் மீண்டும் எழுந்து மண்ணின் வளத்தைத் திருப்பித் தரும்வரை அந்நிலத்தைப் பல ஆண்டுகள் தொடாது விட்டுவைப்பதே சேனைப் பயிர்ச்செய்கையின் உயிர்நிலையாக இருந்தது. குடிகள் குறைவாகவும் காடு விரிவாகவும் இருந்தவரையில் அது இந்நிலத்துக்கு இசைந்த முறையென்றே நான் கருதுகிறேன். ஆனால், காடும் தரிசும் பயிரிடப்படாத பூமியும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிக்குச் சொந்தமானவையெனக் கொள்ளப்படும் என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தபோது, பழைய கண்டி இராச்சியத்துப் பிரதேசங்களில் இடையிட்டுப் பயிரிடப்பட்ட சேனை நிலங்களும் அவ்விதிக்குள் அகப்பட்டுக்கொண்டன. இளைப்பாறிக்கொண்டிருந்த நிலம் உரிமையாளரற்ற நிலமாயிற்று. ஓய்வுக்காலமும் பயிர்ச்செய்கையின் ஓர் அங்கமே என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணரவில்லை. உணர்ந்திருப்பினும், ஏக்கர் ஒன்றை ஐந்து ஷில்லிங்குக்கு வாங்கக் காத்திருந்த தோட்டத்துரைமாருக்கும், அவர்களோடு சேர்ந்து தாமும் காணி வாங்கிய அரசாங்க உத்தியோகத்தருக்கும் அந்த உண்மை அனுகூலமாக இருந்திராது. இவ்வாறு காடு சுருங்கவே, சேனை ஒரே இடத்துக்கு விரைந்து திரும்பிற்று. ஓய்வு குறைந்தது, மண் இளைத்தது, பின்னர் வந்த உத்தியோகத்தர்கள் சேனைக்காரனையே மண்ணின் சத்துருவென்று எழுதிவைத்தார்கள்.

சேனை ஒழிந்த இடத்தில் கிராமத்தாருக்கு எஞ்சியது வீட்டைச் சுற்றிய தோப்பு. பலாவும் ஈரப்பலாவும் தென்னையும் கமுகும் கித்துளும் மேலே கவிந்திருக்க, அவற்றின் நிழலில் மிளகும் கறிமஞ்சளும் கிழங்குக் கொடிகளும் படர்ந்திருக்கும் இந்தக் கண்டிய வீட்டுத் தோட்டத்தைக் கேகாலையில் இன்றும் எங்கும் காணலாம். தானியமில்லாத காலத்தில் சோற்றுக்கு ஈடாக நின்றவை இம்மரங்களே. பலாக்காய் ஒரு வேளை உணவாகும். கித்துள் மரத்தின் நடுத்தண்டை வெட்டி இடித்து எடுத்த மாவு கஞ்சியாகும். அதன் பாளையிலிருந்து இறக்கிய பதநீர் பாணியாகவும் கருப்பட்டியாகவும் காய்ச்சப்படும். பத்து இலட்சம் பலாக்கன்றுகளை நாடெங்கும் நடவேண்டுமென்று பாணந்துறை ஆர்தர் வீ. டயஸ் முயன்றதும், பஞ்சகாலத்தில் பலா மனிதரைக் காக்கும் என்ற நம்பிக்கையினாலேயே. 1951இல் இயற்றப்பட்ட மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்டலாகாதென விதித்தது. அதே ஆண்டில்தான் மண் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிற்று. உணவு தரும் மரத்தையும் அது நிற்கும் மண்ணையும் காக்க ஒரே ஆண்டில் இரு சட்டங்கள் பிறந்தது எத்துணைப் பொருத்தம்! மலைநாட்டின் நடுமட்டப் பகுதியில் பிற்காலத்தில் செய்யப்பட்ட அளவீடுகள் அப்பொருத்தத்தைத் தொகையாகவே காட்டுகின்றன: பாதுகாப்பற்ற புகையிலை நிலம் ஹெக்டேயருக்கு ஆண்டுதோறும் 70 தொன் அளவு மண்ணையும், பராமரிப்பற்ற பழைய விதைத் தேயிலை நிலம் 40 தொன் அளவு மண்ணையும் இழக்க, கலப்பு வீட்டுத் தோட்டம் இழந்தது 0.05 தொன் மாத்திரமே.

இவ்விடத்தில் வாசகர் ஒரு நியாயமான வினாவை எழுப்பலாம். தேயிலையும் பல்லாண்டுப் பயிர்தானே. நூறாண்டு நிற்கும் அச்செடியின் அடியிலிருந்து மண் எவ்வாறு போயிற்று? விடை, 'சுரண்டி' என்ற ஒரு சிறு கருவியில் அடங்கியிருக்கிறது. தேயிலை நிரைகளுக்கிடையே ஒரு புல்லும் இருத்தலாகாது என்பது அக்காலத்துத் தோட்ட நிர்வாகத்தின் பிடிவாதமான கொள்கை. புல்லு வெட்டும் வேலையைக் கங்காணிமார் கொந்தரப்புக்கு எடுப்பார்கள். கூலிக்கு வந்த ஆணும் பெண்ணும் சுரண்டியால் மேல்மண்ணோடு சேர்த்துக் களையைச் சுரண்டி எடுப்பார்கள். சுரண்டிய மண் கானுக்குள் விழும். கானிலிருந்து மழைநீரோடு களனி கங்கைக்கும் களு கங்கைக்கும் போகும். துரை பெருமையோடு சுற்றிக் காட்டிய துப்புரவான மலை உண்மையில் தோலுரிக்கப்பட்ட மலை. தேயிலை நின்ற உயர்நிலங்கள் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ ஓரடி மேல்மண்ணை இழந்தனவென்று பிற்கால ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். பயிர் பல்லாண்டு நிற்பது ஒன்றே போதாது. அதன் காலடியும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்ற பாடம் இந்தப் பெரும் விலை கொடுத்துப் பெற்றதாகும்.

1931இல் மண்ணரிப்பு விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்த பின்னரே இக்கொள்கை மெல்ல மெல்லத் தளர்ந்தது. இறப்பர் மலைகளில் பியூரேரியா, கலபோகோனியம், சென்ட்ரோசீமா முதலிய அவரையினக் கொடிகள் தரையை மூடும்படி விதைக்கப்பட்டன. அவை மழைத்துளியின் அடியைத் தாங்கியதோடு, காற்றிலிருந்து தழைச்சத்தையும் மண்ணில் சேர்த்தன. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலையிலும் பின்னர் தாழ்நிலத் தேயிலைக்கென இரத்தினபுரிக்கு அருகே ஹிதெல்லனையிலுள்ள சென் ஜோக்கிம் தோட்டத்திலும் நடத்திய வேலைகளில், தேயிலையைப் பிடுங்கி மீள நடுவதற்கு முன் நிலத்தைப் புல்லின்கீழ் இளைப்பாற விடும் முறை எனக்கு விசேஷமானதாகத் தோன்றுகிறது. பழைய செடிகளைக் களைந்தபின், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ நட்டு, அதை வெட்டி வெட்டி அந்த மண்மீதே பரப்பி, களைத்துப்போன நிலத்துக்கு உக்கலையும் உயிரையும் ஊட்டுவது அம்முறை. 1840இல் தரிசென்று பறிக்கப்பட்ட சேனை ஓய்வு, ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசாக அதே மலைகளுக்குத் திரும்பி வந்தது என்று இதனைச் சொல்லலாம்.

இந்தக் குவாத்தமாலாப் புல்லைப் பற்றித் தோட்டத்தார் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. லயத்துக்குப் பின்புறம் மாடு கட்டியிருப்பவர்கள் தீவனத்துக்கு அறுத்துச் செல்லும் இந்த நெடிய புல், டிரிப்சாகம் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினம் சோளத்துக்கு நெருங்கிய உறவு. இப்புல்லின் 64 குரோமோசோம்களுள் 10 சோளத்தின் குலத்திலிருந்தே வந்தவையென்று தாவர சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். பல்லாண்டு வாழும் தானியத்தை உருவாக்கும் பொருட்டு அமெரிக்காவில் முதன்முதலில் பரீட்சிக்கப்பட்ட செடிகளுள் இதே டிரிப்சாக இனத்தின் மற்றொரு புல்லும் இருந்தது. எனவே, சபரகமுவத் தொழிலாளர் இத்தனை காலமாக நட்டும் வெட்டியும் வந்தது, வேர் நிலைத்து நிற்கும் ஒரு சோளத்தின் ஒன்றுவிட்ட சகோதரனையே. மணி மாத்திரம் அதில் இல்லை.

இனி மணியின் கதைக்கு வருவோம். தோட்டங்கள் தோன்றிய நாள்முதல் அவற்றில் வேலை செய்தவர்களின் சோறு கடல் கடந்தே வந்தது. தென்னிந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இறக்குமதியான அரிசி, தோட்டத்துக் களஞ்சியத்தில் அளக்கப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் குறித்த விலைக்கு மேற்படாமல் அரிசி வழங்குவதைத் தோட்டத்தின் கடமையாக்கியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் இந்த ஏற்பாடு ஒரே நாளில் ஆட்டங்கண்டது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது; தோட்டங்களின் மூலை முடுக்குகளில் மரவள்ளியும் வற்றாளையும் நடும்படி ஆணைகள் பிறந்தன. மலைமலையாகப் பச்சை விரிந்திருந்தும் அதில் உண்ணத்தக்கது ஒன்றுமில்லை என்ற நிலையை அக்காலத்து மக்கள் கண்ணாரக் கண்டார்கள்.

யுத்தம் முடிந்து பத்தாண்டு கழியுமுன்னரே மீண்டும் ஒரு நெருக்கடி. கொரிய யுத்தத்தினால் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. இறப்பர் விலையோ உச்சிக்குப் போய்ச் சரிந்தது. அப்பொழுது வர்த்தக அமைச்சராயிருந்த ஆர். ஜி. சேனநாயக்க, 1952 டிசம்பரில் பீக்கிங் நகரில், ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 2,70,000 தொன் அரிசியைப் பெறும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார். சீனாவோடு இராஜதந்திர உறவு ஏற்படுவதற்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே, அமெரிக்காவின் அதிருப்தியையும் உதவி நிறுத்தத்தையும் பொருட்படுத்தாமல் செய்யப்பட்ட இவ்வுடன்படிக்கை, புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 1982வரை நீடித்தது. இதனைக் கீர்த்திவாய்ந்த ஓர் இராஜதந்திரச் செயலாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள், அது தகும். ஆனால் மண்ணின் சரித்திரத்தை எழுதுகிறவன் அதில் வேறொன்றையும் பார்க்கிறான். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போனவர்கள், முப்பதாண்டு நிற்கும் ஒரு மரத்தின் பாலைச் சிரட்டையில் சேர்த்தார்கள். அது ஒட்டுத்தாளாகிக் கப்பலேறி, யாங்சி நதிக்கரையின் ஓராண்டு நெல்லாகித் திரும்பி வந்து அவர்கள் அடுப்பில் வெந்தது. சரிவைக் காத்த வேர் ஓரிடத்திலும், பசியைத் தீர்த்த கதிர் மற்றோரிடத்திலுமாக இருந்தன. இரண்டையும் இணைத்தது சமுத்திரமும் சந்தையுந்தான்.

அந்த இணைப்பு எவ்வளவு மெல்லியது என்பதை 1973, 1974ஆம் ஆண்டுகள் காட்டின. உலகத் தானிய விலை உயர்ந்து, பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது, தோட்டங்களில் மரண விகிதம் ஏறியதை அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களே சொல்கின்றன. இவ்வளவு மழையும் இவ்வளவு உழைப்பும் உள்ள இடத்தில் மனிதர் பட்டினியால் மெலிந்து மாண்டார்கள் என்பதை எழுதும்போது நெஞ்சு பதறுகிறது. ஏன் அவர்கள் பலாவை நட்டு வைத்திருக்கவில்லை, கித்துளை வளர்த்திருக்கவில்லை என்று ஒருவர் கேட்பாராயின், அவருக்கு நான் சொல்லும் விடை இதுவே: கனி தருவதற்குப் பல ஆண்டு எடுக்கும் மரத்தை, அத்தனை ஆண்டு தான் அங்கே இருப்பேன் என்ற நிச்சயம் உடையவனே நடுவான். லயத்து அறையும் அதன் வாசலும் தோட்டத்துக்குச் சொந்தம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இன்னார் இங்கே, இன்னார் அங்கே என்று தொகை பிரித்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தை ஒட்டிக் கண்டி, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் சில தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களில் காவத்தை, இரக்குவானைப் பக்கத்து லயங்களும் தப்பவில்லை. இத்தகைய வாழ்க்கையில் ஒரு பெண் தன் வாசலில் நடக்கூடியது மூன்று மாதத்தில் பறிக்கும் போஞ்சியும் கீரையுமே. பயிரின் ஆயுள், அதை நடுகிறவனுக்கு அந்த நிலத்திலுள்ள உரிமையின் ஆயுளுக்கு மேற்பட மாட்டாது. பல்லாண்டுப் பயிர் ஆராய்ச்சியைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் இவ்வுண்மை போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் மனக்குறை.

அவ்வாராய்ச்சியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோதுமையைப் பல்லாண்டுப் புல்லோடு கலக்கும் முயற்சியை ரஷ்யாவில் த்சித்சின் என்பவர் 1920களின் இறுதியிலேயே தொடங்கினார்; மணிக்கு மணியும் வேருக்கு வேருமாக ஒருங்கே நிற்கும் செடி அவருக்குக் கைகூடவில்லை. 1976இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் வெஸ் ஜாக்சன் நிறுவிய நில ஆராய்ச்சி ஸ்தாபனம், பூமிக்குள் பத்தடி ஆழம் இறங்கும் வேருடைய ஒரு புல்லை 'கெர்ன்சா' என்ற தானியமாகத் திருத்திவருகிறது; அதன் விளைச்சல் இன்னும் கோதுமைக்கு வெகுதூரம் பின்னாலேயே நிற்கிறது.

நமக்கு நெருக்கமான முயற்சி நெல்லைப் பற்றியது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1990களில் பல்லாண்டு நெல்லைத் தேடத் தொடங்கியபோது அதன் நோக்கம், சபரகமுவையைப் போன்ற சரிவு நிலங்களில் மலைநெல் விதைக்கும் ஏழைகளின் மண்ணைக் காப்பதாகவே இருந்தது. 2001இல் அந்நிலையம் அம்முயற்சியைக் கைவிட, சீனாவின் யுன்னான் மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள் அதனை விடாது பற்றிக்கொண்டார்கள். தாய்லாந்தின் ஆர்.டி. 23 என்ற நெல்லையும், நிலத்தடித் தண்டினால் பரவும் ஆபிரிக்கக் காட்டு நெல்லொன்றையும் சேர்த்து, தானாக வளரமாட்டாத கருவை ஆய்வுசாலையில் காப்பாற்றி முளைக்கச் செய்து, அதன் சந்ததியை ஃபெங்யி ஹூவும் அவருடைய சகாக்களும் இருபதாண்டுக்கு மேலாகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததன் பயனாக, 2018இல் 'பீ.ஆர். 23' உழவர் கைக்கு வந்தது. ஒருமுறை நட்டு நான்காண்டுகளில் தொடர்ந்து எட்டு அறுவடை. ஹெக்டேயருக்குச் சராசரி 6.8 தொன், பக்கத்திலே ஒவ்வொரு போகமும் புதிதாக நட்ட நெல் 6.7 தொன். மறுதாம்புப் போகங்களில் வேலையாள் தேவை பாதிக்கு மேல் குறைந்தது. மண்ணில் கரியும் தழைச்சத்தும் ஏறின. ஐந்தாம் ஆண்டில் விளைச்சல் தளரவே, மீண்டும் நட வேண்டியதாயிற்று. 2021இல் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சிறு விவசாயிகள் அதனைப் பயிரிட்டார்கள். இரசாயன உரத்தை ஒரே ஆணையால் நிறுத்தி, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நம் அரசாங்கம் பின்வாங்கியதும் அதே 2021இல்தான். இருபதாண்டுப் பொறுமையால் ஆகும் காரியத்தை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் செய்துவிட முடியாதென்பதை நெல்வயலும் தேயிலை மலையும் ஒருசேர உணர்த்தின.

ஆயினும் யுன்னானின் வெற்றியை அப்படியே எடுத்து இரத்தினபுரியில் நட்டுவிடலாமென்று நான் நம்பவில்லை. அந்த நெல் தேறியது நீர் நிற்கும் வயலில். எந்தச் சரிவுக்காக அத்தேட்டம் தொடங்கியதோ அந்தச் சரிவின் பிரச்சினை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. நம் மலையிடுக்கு வயல்களிலோ மேட்டிலிருந்து ஊறிவரும் நீரில் இரும்பு மிகுந்து, நெல்லின் இலை செம்பழுப்பாகிக் கருகும். அந்நோவைத் தாங்குவதற்கென்றே பொம்புவல நெல் நிலையம் பீ.டபிள்யூ. 267-3 போன்ற இனங்களை உருவாக்கியது. ஆண்டு முழுவதும் வயலில் நிற்கும் பயிர், புகையானுக்கும் எரிபந்த நோய்க்கும் ஆண்டு முழுவதும் விருந்தளிக்குமா என்பதும் இவ்வூர் மழையில் பரீட்சித்தே அறியவேண்டியது. பயிரைக் கொணர்வதைவிட அந்தப் பொறுமையைக் கொணர்வது முதல் வேலை.

அதற்கு மூலதனமும் நம் நாட்டில் இல்லாமலில்லை. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு காட்டு நெல், ஒரைசா ரைசோமாடிஸ் என்பது, நம் உலர்வலயத்துக் குளக்கரைகளிலும் புதர்க்காடுகளிலும் நிலத்தடித் தண்டு விட்டுப் பல்லாண்டு வாழ்கிறது. 1990இல் டங்கன் வான் என்ற ஆய்வாளரே அதனைத் தனியினமாகப் பிரித்து வர்ணித்தார். பயிர் நெல்லுக்கு அது தூரத்து உறவு. இரண்டையும் கலப்பது ஆபிரிக்கக் காட்டு நெல்லைக் கலந்ததைவிடக் கடினமான காரியம். எனினும் கன்னொறுவையிலுள்ள தாவர மரபுரிமை வள நிலையமும், பொம்புவல, பத்தலகொட நெல் நிலையங்களும், பெலிஹுல்ஓயாவில் சபரகமுவப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் ஒன்றோடொன்று சில மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் ஒரு நாட்டில், அந்தக் கடினத்தை ஏற்க யாரேனும் முன்வர வேண்டுமென்று கேட்பது பேராசையாகாது. கைவிடப்பட்ட தேயிலைத் துண்டொன்றில் குவாத்தமாலாப் புல் நிற்கும் அந்த இரண்டு ஆண்டுகளை மலைநெல் மறுதாம்புப் பரீட்சைக்கும், பலா, கித்துள் கலப்பு நடுகைக்கும் ஒரு பகுதியாகவேனும் ஒதுக்கி, அதன் விளைவை அங்கேயே குடியிருக்கும் தோட்டக் குடும்பங்களுக்கு எழுத்து மூலமான காணியுரிமையோடு ஒப்படைக்கும் முயற்சியை எந்தத் தோட்டக் கம்பனியும், எந்த அரசாங்கத் திணைக்களமும் தொடங்கலாம். வீடமைப்புத் திட்டங்களில் முன்னர் வழங்கப்பட்டுவந்த ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடும் ஒரு பலா மரமும் நிற்கும்; அதற்கு மேல் இடமில்லை.

2016 மே 17ஆம் நாள் மாலையில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கியதும், அதே நாளில் புளத்கொஹுபிட்டியத் தோட்டமொன்றின் லயம் மண்ணுக்குள் போனதும் இம்மலைகளில் வேரைப் பற்றிய பேச்சை மீண்டும் எழுப்பின. சரிவுகளின் அந்தப் பெரும் பெயர்ச்சியை மேல்மண்ணின் அரிப்போடு கலந்து எண்ணலாகாது. அதற்குப் பாறையும் நிலத்தடி நீரும் காரணமாகும் விதம் வேறு. அவ்விஷயத்தை, 1947 ஆகஸ்டு வெள்ளத்திலிருந்து தொடங்கி, அடுத்த அத்தியாயத்தில் விரிவாக ஆராய்வோம்.